ஆஸ்க்ராவிலிருந்து தொடங்குங்கள்: சரித்திரம் போதிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

பாடத்திட்டத்தின் சுமையும் பரீட்சை நெருங்கும் காலத்தின் பரபரப்பும் தங்களை எவ்வளவு வருத்துகின்றன என்பதை அறிந்திருந்தும், தங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பொருட்டு ஒரு வேண்டுகோளை முன்வைக்கத் துணிகிறேன். கிரேக்க சரித்திரத்தை மாரத்தான் போர்க்களத்திலிருந்தும் பெரிக்ளிஸ் எழுப்பிய பளிங்குக் கோயில்களிலிருந்தும் தொடங்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அவற்றுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர், கி.மு. 700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பியோஷியா நாட்டின் ஹெலிகோன் மலைச்சாரலில் கிடந்த ஆஸ்க்ரா என்னும் சிற்றூரில் இரு சகோதரர்களுக்கிடையே மூண்ட பாகப்பிரிவினை வழக்கிலிருந்து தொடங்குங்கள் என்பதே அவ்வேண்டுகோள்.

இவ்வாறு நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர்கள் கையாளும் பாடநூல்கள் சிலவற்றைப் புரட்டினால், கிரேக்க நகர ராஜ்யம் என்பது ஏதோ ஒரு மேதையின் சிந்தையில் உதித்து, முழு உருவத்தோடு மண்ணில் இறங்கிய அற்புதம் போலத் தோன்றுகிறது. சோலன் வந்தார், சட்டம் தந்தார். கிளைஸ்தனிஸ் வந்தார், ஜனநாயகம் தந்தார். பெரிக்ளிஸ் வந்தார், பொற்காலம் தந்தார் என்று பெரியோர் பெயர்களின் வரிசையாகவே அச்சரித்திரம் நடக்கிறது. இவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன குறை இருந்தது, எந்த வயிற்றெரிச்சல் அவர்களைச் சபைக்கு இழுத்து வந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. என் எளிய அபிப்பிராயத்தில், ஆதி கிரேக்க சமுதாயத்தின் வளர்ச்சி என்பது, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் படைத்தவனையும் கடன் கொடுக்கும் வசதி படைத்தவனையும் ஊரார் தங்கள் கூட்டு முடிவால் சிறிது சிறிதாகக் கட்டுக்குள் கொண்டுவந்த நெடிய முயற்சியின் கதையே. அந்த முயற்சிக்கு ஒரு விலையும் இருந்தது. அதைப் பெரும்பாலும் வேறு மனிதர்கள் கொடுத்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத பாடம் பாதிப் பாடம் என்று கருதுகிறேன்.

முதலில், பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு விளக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிரேக்க நாடு மலைகளால் துண்டுபட்டிருந்தது, ஆகவே ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு தனி ராஜ்யம் தோன்றிற்று என்பார்கள். கேட்பதற்கு எளிதாயிருப்பதாலும் தேர்வில் ஒரு வரியில் எழுதிவிடக்கூடியதாலும் இவ்விளக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் மலைகளால் வெட்டுண்ட அட்டிகா முழுவதும் ஏதென்ஸ் என்னும் ஒரே நகர ராஜ்யமாக ஒன்றுபட்டு நின்றது; அதற்கு அடுத்துள்ள, பரந்த சமவெளிகளை உடைய பியோஷியாவோ பல நகரங்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று பொருதுகொண்டிருந்தது. கீயாஸ் என்னும் சிறு தீவிலே நான்கு தனி ராஜ்யங்கள் இருந்தன. அன்றியும், இதே மலைகள் நின்ற இதே நாட்டில், அதற்கு முந்தைய யுகத்தில் மைசீனியிலும் பைலாஸிலும் பெரிய அரண்மனைகள் சுற்றுப்புறம் முழுவதையும் கணக்கெழுதி ஆண்டிருக்கின்றன. மலை எல்லைக்கோட்டை இட்டிருக்கலாம்; உள்ளே வாழ்ந்த மனிதர் எவ்வகையில் ஒருவரோடொருவர் கட்டுண்டிருந்தார்கள் என்பதை மலை தீர்மானிக்கவில்லை.

அந்த அரண்மனைகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதே ஒரு விபத்தின் பயன். 1939ஆம் ஆண்டில் கார்ல் பிளெகன் என்னும் அமெரிக்க அகழ்வாராய்ச்சியாளர் பைலாஸில் தோண்டியபோது களிமண் பலகைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன, கி.மு. 1200ஐ ஒட்டி அந்த அரண்மனையை அழித்த தீயே அவற்றைச் சுட்டு உறுதியாக்கிக் காத்து வைத்திருந்தது. 1952இல் கட்டிடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டி, அது கிரேக்க மொழியே என்று நிறுவினார். அதில் காவியம் இல்லை, சட்டம் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. இத்தனை ஆடு, இத்தனை கம்பளி, நூல் நூற்கும் பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் இத்தனை படி தானியம் என்ற கணக்கு மட்டுமே. எல்லாவற்றிற்கும் மேலே ஓர் அரசன். அடியிலே, தத்தம் கிராமத்துக் கருமாரையும் வயல்களையும் கவனித்துக்கொண்டிருந்த சிறு தலைவர்கள். தீ வந்தபோது அரசன் போனான், கணக்கர் போனார், எழுத்தும் மறைந்தது. அடுத்த நானூறு ஆண்டுகள் கிரேக்கர் எழுதப் படிக்கத் தெரியாத மக்களாயினர். எஞ்சியவர்கள் கிராமத்துச் சிறு தலைவர்களே. ஹோமரின் காலத்திற்கு வருகையில், முன்பு கருமார்களை மேற்பார்த்த அந்தத் தலைவனின் பட்டப்பெயரே ‘அரசன்’ என்பதற்குரிய பெயராக உயர்ந்து நிற்கிறது. கிரேக்க சமுதாயம் வானளாவிய முடியாட்சியிலிருந்து இறங்கி வந்ததன்று. சிதைவுக்குப் பின் கிராமத்திலிருந்து மறுபடியும் முளைத்து எழுந்தது.

இடைப்பட்ட அந்த இருண்ட காலத்தை நான் விரைந்து கடக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். யூபியா தீவின் லெஃப்கண்டியில் கி.மு. 950ஐ ஒட்டி எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள ஒரு நீண்ட மண்டபத்தின் அடியில், சைப்ரஸில் வார்த்த வெண்கலக் கலசத்தில் ஒரு தலைவனின் அஸ்தியும், அருகே பொன்னணிகளோடு ஒரு பெண்ணின் உடலும், அடுத்த குழியில் நான்கு குதிரைகளும் புதைந்திருக்கக் கண்டார்கள். அம்மண்டபத்தை அக்காலத்தவரே இடித்து மண்மேடாக மூடிவிட்டார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சமமாக வறுமையில் கிடந்த காலம் என்று அந்நூற்றாண்டுகளைக் கருதுவது பொருந்தாது. பெரிய மனிதன் இருந்தான், அவன் மறைந்ததும் அவனுடைய பெருமை ஒரு ஸ்தாபனமாக நிலைக்கவில்லை என்பதே செய்தி.

ஹோமரின் காவியங்கள் கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றவை என்பர். அவற்றில் நம் மாணவர்கள் காணவேண்டியது வாள்வீச்சை மட்டும் அன்று. ‘ஒடிஸி’யின் இரண்டாம் காண்டத்தில், ஒடிஸியஸ் போருக்குப் போன நாளிலிருந்து இருபது ஆண்டுகளாக இத்தாகா தீவில் ஊர்ச்சபையே கூடவில்லை என்று ஒரு கிழவர் எழுந்து சொல்லுகிறார். அரசன் இல்லாதபோது ஒவ்வொருவனும் தன் வீடு, தன் நிலம், தன் அடியாட்கள் என்றே வாழ முடிந்தது. பொதுக் காரியம் என்ற ஒன்று இன்னும் உறுதியாக உருவாகவில்லை. 1954இல் வெளிவந்த மோசஸ் ஃபின்லியின் சிறந்த நூலொன்று இந்த உலகத்தை, வீடும் விருந்தும் பரிசிலுமே உறவுகளை நிறுவிய உலகத்தை, நமக்குத் தெளிவாக்கிற்று. ஆனால் அதே காவியங்களில் வேறொரு குரலும் கேட்கிறது. ‘இலியட்’டில் தெர்சைடிஸ் என்னும் சாதாரண வீரன் சபையில் எழுந்து, கொள்ளையில் பெரும்பங்கு தலைவனுக்குப் போவதைக் கண்டித்துப் பேசுகிறான்; ஒடிஸியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கிறான், கூட்டம் நகைக்கிறது. கவிஞன் அவனை அவலட்சணமானவனாகவே வர்ணித்திருக்கிறான்; ஆயினும் அவன் சொன்ன குற்றச்சாட்டு, முதற்காண்டத்தில் மகாவீரன் அக்கிலிஸ் சொன்ன அதே குற்றச்சாட்டுத்தான் என்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பிரபு சொன்னால் வீரம், குடியானவன் சொன்னால் வாய்த்துடுக்கு. அந்த வேற்றுமை கரைவதற்குத்தான் அடுத்த இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

‘இலியட்’டின் பதினெட்டாம் காண்டத்தில், அக்கிலிஸின் கேடயத்தில் செதுக்கப்பட்ட சித்திரங்களுள் ஒன்று ஒரு கொலை வழக்கு. இறந்தவனுக்காக உயிர்விலை முழுவதையும் செலுத்திவிட்டேன் என்கிறான் ஒருவன். ஒன்றும் பெறமாட்டேன் என்கிறான் மற்றவன். இருபக்கமும் ஆதரவாளர் கூச்சலிட, கட்டியக்காரர் கூட்டத்தை அடக்க, வட்டமாக இட்ட வழவழப்பான கற்களின்மேல் முதியோர் அமர்ந்து ஒருவர் பின் ஒருவராகக் கோலை ஏந்தித் தீர்ப்புரைக்கிறார்கள். நடுவே இரண்டு தாலந்து பொன், நேர்மையாய்த் தீர்ப்பவருக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது. பழிக்குப் பழி என்ற குருதிக் கணக்கு ஊர் நடுவே பேச்சாக மாறும் தறுவாயை இதனினும் தெளிவாகக் காட்டும் சித்திரம் வேறில்லை. அத்துடன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முதியோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. அவர்கள் நேர்மையாளராயின் நீதி, இல்லையேல் இல்லை.

இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சொல்லவே ஹெசியோது என்னும் கவிஞன் இருக்கிறான். அவனுடைய தந்தை, ஆசியா மைனரின் கரையில் உள்ள கைமி நகரிலிருந்து வறுமைக்கு அஞ்சிக் கப்பலேறி வந்து ஆஸ்க்ராவில் குடியேறியவர். அந்த ஊரோ, மகன் வாய்மொழியாகவே, குளிர்காலத்தில் கொடியது, கோடையில் துன்பமானது, எக்காலத்திலும் நல்லதன்று. தந்தையின் நிலத்தைப் பங்கிட்டபின், சகோதரன் பெர்சிஸ் காணிக்கை விழுங்கும் பிரபுக்களை மகிழ்வித்து அதிகப் பங்கை அடைந்தான், இப்போது இரண்டாம் முறையாகவும் வழக்காட நினைக்கிறான் என்று கவிஞன் குற்றஞ்சாட்டுகிறான். அந்தப் பிரபுக்களை நோக்கியே பருந்தின் கால்நகத்தில் சிக்கிய இராப்பாடியின் கதையைச் சொல்லுகிறான். ஜீயஸின் அருகே அமர்ந்து, வளைந்த தீர்ப்புகளைப் பற்றி முறையிடும் நீதி என்னும் கன்னியைப் பற்றிச் சொல்லுகிறான். மனிதரின் தீர்ப்புகளைக் கண்காணிக்க முப்பதினாயிரம் அமரர் பூமியில் உலவுவதாகச் சொல்லுகிறான். ஊரில் முறையிட இடமில்லாதவனுக்கு வானத்தில்தான் சாட்சிகள் கிடைத்தார்கள்.

ஆனால் ஹெசியோதின் சிறப்பு இந்த முறையீட்டோடு முடிவதன்று. எவனையும் நம்பி வாழாத ஒரு குடித்தனத்தை எப்படி நடத்துவது என்பதை, மரத்தின் பெயர் சொல்லி, மாதத்தின் பெயர் சொல்லி, அவன் கற்பிக்கிறான். கலப்பை ஒன்று உடைந்தால் மற்றொன்று தயாராயிருக்கும்படி இரண்டு செய்து வைத்துக்கொள். ஏரில் பூட்ட ஒன்பது வயது எருதுகளே நல்லவை, அவை உழவு நடுவே சண்டையிட்டு ஏரை முறிக்கமாட்டா. பின்செல்லும் உழவன் நாற்பது வயதினனாய், வயிறார ரொட்டி தின்றவனாய் இருக்கட்டும், ஏனெனில் இளையவன் தோழர்களை நோக்கித் தலை திருப்புவான், இவனோ உழவுசாலை விட்டுக் கண் எடுக்கமாட்டான் என்கிறான். விதைத்தவன் பின்னே மண்வெட்டியோடு ஒரு சிறுவன் மண்ணை மூடிக்கொண்டு வரட்டும், பறவைகள் சிரமப்படட்டும் என்கிறான். அந்தச் சிறுவன் அடிமை என்பதையும் உடனே சொல்லவேண்டும். அதற்குப் பின்னர் வருகிறேன். அண்டை வீட்டானிடம் அளந்து வாங்கு, அளந்து திருப்பிக் கொடு என்று ஓயாமல் சொல்லுகிற இந்த மனிதன்தான், பின்னாளில் ஈட்டியும் கேடயமும் தன் செலவில் வாங்கி, அண்டை வயலானோடு தோளோடு தோள் வரிசையில் நின்றவன். சபையில் கை உயர்த்தியவனும் அவனே. ஏதென்ஸின் தத்துவத்திற்கு அடியில் ஆஸ்க்ராவின் ஏர்ச்சால் இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்தால், பெரிக்ளிஸ் தாமே அவர்களுக்கு விளங்குவார்.

நிலம் போதாமற் போனவர்களுக்குக் கடல் இருந்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, இத்தாலியின் பித்தகூசாய் தீவு முதல் கருங்கடற்கரை வரை கிரேக்கர் பரவிய வரலாற்றைப் பாடநூல்கள் வீரப் பயணமாகவே தீட்டுகின்றன. தீரா தீவினர் லிபியாவுக்குப் போன கதையை ஹிரோடோட்டஸ் சொல்லுகிறபடி படித்தால் வேறொன்று தெரியும். ஏழாண்டுகள் மழையில்லை, ஒரேயொரு மரம் நீங்கலாகத் தீவின் மரங்கள் யாவும் பட்டுப்போயின. சகோதரர் உள்ள வீட்டிலிருந்து சீட்டு விழுந்த ஒருவன் போகவேண்டும் என்று ஊரார் தீர்மானித்து, ஐம்பது துடுப்புகள் கொண்ட இரண்டு கப்பல்களில் அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். போனவர்கள் இடம் காணாமல் திரும்பியபோது, கரையிறங்க விடாமல் தாக்கித் துரத்தினார்கள். கடைசியில் அவர்கள் கி.மு. 630ஐ ஒட்டி லிபியாவில் நிறுவிய ஸைரீனி நகரத்தில், பிற்காலத்துக் கல்வெட்டொன்று முன்னோர் செய்த பிரமாணத்தைக் கூறுகிறது: ஊரார் அனுப்பும்போது போக மறுப்பவனுக்கு மரண தண்டனை, ஆண், பெண், சிறுவர், சிறுமியர் அனைவரும் கூடி, மெழுகுப் பாவைகளைத் தீயிலிட்டு, வாக்குத் தவறுபவன் இவ்வாறே உருகக்கடவன் என்று சபித்தார்களாம். சீட்டுக்கு முன் பிரபுவின் மகனும் குடியானவன் மகனும் ஒன்றே என்ற நியாயம் இங்கே பஞ்சத்தின் வழியாக வந்து சேர்ந்தது. குடியேறிய இடங்களிலோ, சிசிலியின் மெகாரா ஹைப்ளாயாவில் பிரெஞ்சு அறிஞர்கள் தோண்டிக் கண்டபடி, மனைகள் அளந்து பிரிக்கப்பட்டன, ஊர் நடுவே பொதுவெளிக்கென்று தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. தாய்நாட்டில் பழைய வழக்கங்களின் நெருக்கடியில் செய்யமுடியாததைப் புது மண்ணில் செய்துபார்த்தார்கள்.

இப்போது தங்களை நான் கிரீட் தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே டிரீரோஸ் என்னும் சிறிய மலைநகரில், அப்போலோவின் கோயிற் சுவரில் பொறித்திருந்த கற்கள் 1930களில் கண்டெடுக்கப்பட்டன. எழுத்து ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கச் சட்டங்களில் மிகப் பழைமையானது அதுவே எனலாம். அது கொலையைப் பற்றியதன்று, களவைப் பற்றியதன்று, தெய்வ வழிபாட்டைப் பற்றியதுமன்று. ஊரின் தலைமை அதிகாரியாக ஒருமுறை இருந்தவன் பத்தாண்டுகளுக்குள் மறுபடி அப்பதவியை வகிக்கக்கூடாது என்பதே அதன் பொருள். மீறி அமர்ந்தால், அவன் விதித்த அபராதம் எதுவோ அதில் இரு மடங்கு அவனே செலுத்தவேண்டும். ஆயுள் முழுவதும் அவன் பதவிக்குத் தகுதியற்றவன். அவன் செய்தவை செல்லா. இதற்குச் சத்தியம் செய்பவர்கள் அந்த அதிகாரியும், ஊர்க் காரியஸ்தர்களும், நகரத்தின் இருபதின்மரும். முடிவு செய்தது யார் என்று கேட்டால், எந்த அரசன் பெயரும் அங்கே இல்லை, ஞானியின் பெயரும் இல்லை. நகரம் முடிவு செய்தது என்றே கல் தொடங்குகிறது. பினீஷியரிடமிருந்து எழுத்தைக் கற்றுச் சில தலைமுறைகளே கடந்திருந்த காலத்தில், ஒரு சிற்றூர் அந்த எழுத்தைக் கொண்டு செய்த காரியம் தன் நீதிபதியின் காலை அளவெடுத்துக் கட்டியதே. பிரபுக்கள் தங்களுக்குள் ஒருவனே நிலைத்துவிடாதபடி பதவியைச் சுற்றி வரச் செய்த ஏற்பாடு இது, ஏழைகளின் வெற்றியன்று என்று சில அறிஞர்கள் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆயினும், கோயிற் சுவரில் எழுதியபின் அது பிரபுக்களின் இரகசியமாக இருக்க இயலாது. ஹெசியோதுக்கு வானத்திலே கிடைத்த சாட்சி டிரீரோஸ் ஊராருக்குச் சுவரிலே கிடைத்தது.

அட்டிகாவில் பிணக்கு நிலத்தையும் உடலையும் பற்றியது. பணக்காரரின் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு என்ற பெயரோடு உழைத்தவர்கள், அதைச் செலுத்தத் தவறினால் தாங்களும் தங்கள் மக்களும் அடிமைகளாகும் நிலையில் இருந்தார்கள். சரீரத்தையே ஈடாக வைத்து வாங்கிய கடன் அவர்களை அயல்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோயிற்று. இச்செய்திகளைச் சொல்லும் அரிஸ்டாட்டிலின் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’, எகிப்திலே ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கெழுதிய பாப்பிரஸ் சுருள்களின் பின்புறத்தில் படியெடுக்கப்பட்டிருந்து, 1891இல்தான் அச்சேறியது. குடியானவர் கடனைப் பற்றிய நூலொன்றுக்கு ஒரு பண்ணைக் கணக்கின் முதுகு அடைக்கலம் தந்ததை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கி.மு. 594இல் இருதரப்பினரும் நடுவராக ஏற்றுக்கொண்ட சோலன், கடன்களை அகற்றினார்; நிலங்களில் நட்டிருந்த அடையாளக் கற்களைப் பிடுங்கினார்; இனி எவனும் உடலை ஈடாக வைத்துக் கடன் பெறலாகாது என்று விதித்தார். விற்கப்பட்டுப் போனவர்களை மீட்டு வந்ததைத் தம் கவிதையிலே அவர் குறிப்பிடுகையில், நெடுங்காலம் அலைந்ததால் தாய்மொழியையே மறந்துபோனவர்களும் அவர்களுள் இருந்தார்கள் என்கிறார். கடன் ஒரு மனிதனிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்பதை மாணவர்க்கு உணர்த்த இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் நிலத்தைச் சமமாகப் பங்கிடவில்லை, கேட்டவர்கள் ஏமாந்தார்கள். பதவிகளை விளைச்சலின் அளவுப்படி நான்கு வகுப்பாருக்குப் பிரித்தார். கடைசி வகுப்பாருக்குச் சபையும் நீதிமன்றமும் மட்டுமே கிடைத்தன. ஆனால் அநீதிக்குள்ளானவன் பொருட்டு எவன் வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம் என்றும், அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து ஜனங்களின் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றும் அவர் வகுத்த இரண்டு வழிகளும், நாளடைவில் பதவிகளைக் காட்டிலும் பெரியனவாயின. ஊர்க்காரியங்களில் அவர் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு, புளூட்டார்க் குறிக்கும் கிணற்றுச் சட்டம் ஒன்றே போதும்: பொதுக்கிணறு நான்கு ஸ்டாடியத் தொலைவுக்குள் இருந்தால் அதில் இறைத்துக்கொள், அதற்கப்பால் இருந்தால் சொந்தமாகத் தோண்டு, பத்துப் பாகம் தோண்டியும் நீர் காணாவிட்டால், அடுத்தவன் கிணற்றில் நாளைக்கு இருமுறை ஒரு குடம் நிரப்பிக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு, குடத்தின் அளவும் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் முயன்று பார், முடியாவிட்டால் அண்டைவீட்டான் தாகம் தீர்க்கக் கடமைப்பட்டவன். சட்டத்தைத் தந்துவிட்டு, தம்மை எதேச்சாதிகாரியாக்க முனைந்தவர்களுக்கும் இடங்கொடாமல், பத்தாண்டுகள் நாட்டைவிட்டே அவர் வெளியேறினார்.

எதேச்சாதிகாரிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கொரிந்தில் கி.மு. 657ஐ ஒட்டிக் கிப்ஸெலஸும், பின்னர் ஏதென்ஸில் பைஸிஸ்ட்ரட்டஸும் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பழைய பிரபுக் குடும்பங்களின் பிடி தளர்ந்தது. அந்த அளவில் அவர்கள் தாம் அறியாமலே ஜனங்களுக்கு வழி செய்தார்கள். கி.மு. 508இல் கிளைஸ்தனிஸ் அட்டிகாவை 139 ஊர்ப் பிரிவுகளாக வகுத்து, நகரம், கடற்கரை, உள்நாடு என்ற மூன்று பகுதியிலிருந்தும் ஊர்ப் பிரிவுகளின் ஒவ்வொரு தொகுதியை எடுத்துச் சேர்த்துப் பத்துப் புதுக் குலங்களைக் கட்டினார். மலைக்காட்டான் மீனவனோடும் குயவனோடும் ஒரே படையணியில் நிற்கவும், ஐந்நூற்றுவர் மன்றத்தில் ஐம்பதின்மராக அமரவும் நேர்ந்தது. பழைய குலங்களை அவர் அழிக்கவில்லை. திருவிழாவுக்கும் பூசைக்கும் விட்டுவைத்து, அரசியலை மட்டும் அவற்றிலிருந்து பிரித்தெடுத்தார். அவ்வளவு நிதானமான துணிவைச் சரித்திரத்தில் நான் அதிகமாகக் கண்டதில்லை.

ஸ்பார்ட்டா இதே கேள்விக்கு வேறு விடை கண்டது. குடிமக்களைத் தங்களுக்குள் சமமானவர்களாக்க, அண்டை நாடான மெஸீனியாவை வென்று, அதன் மக்களை ஹீலட்டுகள் என்ற பெயரால் தங்கள் நிலத்தில் உழவைத்தது. ஸ்பார்ட்டாவின் ஈஃபர்கள் என்னும் ஐந்து உயரதிகாரிகளும் ஆண்டுதோறும் பதவியேற்றதும் அந்த உழவர்கள்மீதே போர்ப் பிரகடனம் செய்தார்கள். அவர்களைக் கொன்றால் பாவம் சேராதபடிக்கு அந்த ஏற்பாடு. பொதுப் பந்தியில் அமர்ந்து உண்ட அச்சமத்துவத்தைப் புகழ்ந்து எழுதும் பாடநூல்கள், அந்தப் பந்திக்குத் தானியம் எங்கிருந்து வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

ஏதென்ஸையும் இக்கேள்வியிலிருந்து விடுவிக்க இயலாது. சொந்த ஊரானை அடிமையாக்குதல் கூடாதென்று சட்டம் பிறந்தபின், வேலைக்குக் கை வேண்டிய நிலக்கிழான் வேறெங்கோ கை தேடினான். திரேஸிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் வந்தார்கள். லாரியம் வெள்ளிச் சுரங்கங்களின் குறுகிய துளைகளில் அவர்களே தவழ்ந்தார்கள். பெண்களின் நிலையும் நகரத்துக்கு நகரம் மாறிற்று. கிரீட்டின் கோர்ட்டின் நகரச் சட்டம், மகளுக்கும் தந்தை சொத்தில் பங்கு கொடுத்தது, மணமுறிவின்போது மனைவி தன் சொத்தைத் தானே எடுத்துச்செல்ல இடமளித்தது; ஜனநாயகத்திற்குப் பேர்போன ஏதென்ஸிலோ, ஆண்வாரிசு இல்லாத தந்தையின் மகள், சொத்தோடு சொத்தாக, அவனுடைய நெருங்கிய உறவினனுக்கு வாழ்க்கைப்பட்டாள். குடிமக்களின் வட்டம் விரிய விரிய, வட்டத்தின் விளிம்பும் கெட்டிப்பட்டது.

இதனை ஒரே இடத்தில் காட்டக்கூடிய ஊர் கையோஸ். ஈஜியன் கடலின் அந்தத் தீவிலிருந்து கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, குலத்துக்கு ஐம்பதின்மராகத் தேர்ந்த ஜனங்களின் மன்றம் ஒன்று முறையீடுகளை விசாரிப்பதைக் கூறுகிறது. ஏதென்ஸில் கிளைஸ்தனிஸ் பிறப்பதற்கே ஏறக்குறைய முற்பட்ட காலம் அது. அதே தீவினனான தியோபாம்பஸ் என்னும் சரித்திராசிரியன், கிரேக்கருள் அந்நியரைப் பொன் கொடுத்து அடிமைகளாக வாங்கும் வழக்கத்தை முதலில் மேற்கொண்டவர்கள் தன் ஊராரே என்று எழுதி வைத்தான். ஸ்பார்ட்டா நீங்கலாக வேறெந்தத் தனி நகரத்திலும் கையோஸைப் போல் அத்தனை அடிமைகள் இல்லை என்று துசிடைடிஸும் சொல்லுகிறார். மன்றமும் சந்தையும் ஒரே தீவில், ஒரே தலைமுறைகளின் கையில் வளர்ந்தன. மன்றத்தைப் பற்றி மட்டும் சொன்னால் பிள்ளைகள் கிரேக்கரைத் தொழுவார்கள். சந்தையைப் பற்றி மட்டும் சொன்னால் வெறுப்பார்கள். இரண்டையும் ஒரே பாடவேளையில், ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்; அதற்குப் பின் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மணி அடிக்கும்வரை விடை சொல்ல நேர்ந்தால், அந்த நாள் வகுப்பு வீணானதாகத் தாங்கள் வருந்தமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இதற்குப் புதிய பாடநூல் எழுதிவரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஹெசியோதின் ‘வேலைகளும் நாட்களும்’ 828 அடிகளே கொண்ட சிறு நூல். ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். கோடை விடுமுறைக்குள் அதையும், அரிஸ்டாட்டிலின் அந்த அரசியலமைப்பு நூலில் சோலனைப் பற்றிய பகுதியையும் ஒருமுறை படித்துப்பாருங்கள். அடுத்த ஆண்டில் கிரேக்கத்துக்கென்று ஒதுக்கும் பாடவேளைகளில் முதல் இரண்டை மட்டும் ஆஸ்க்ராவின் உழவனுக்கும் டிரீரோஸின் கல்லுக்கும் கொடுங்கள். மாரத்தானுக்கும் பெரிக்ளிஸுக்கும் மீதி வேளைகள் போதும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பையும் ஆதரவையும் நாடும்
சரித்திர மாணவன் ஒருவன்